16 கால் எண்ணிய பையனுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: ஐயா, வணக்கம். பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. ஒரு ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறோம். நான் பத்தாவது வரை படித்தவள். மகன் நாலாவது படிக்கிறான். போன மாதம் வகுப்பில் வைத்த தேர்வில், 'பட்டுப்புழு ஒரு பூச்சி: சரியா, தவறா?' என்று கேட்டிருக்கிறார்கள். இவன் 'தவறு. பூச்சிக்கு 6 கால், பட்டுப்புழுவுக்கு 16 கால்' என்று எழுதி மதிப்பெண்ணை இழந்துவிட்டான். வீட்டுக்கு வந்ததும் ஒரு புழுவை எடுத்துக் கையில் வைத்து எண்ணிக் காட்டினான். நிஜமாகவே 16 இருக்கிறது. என்ன சொல்வதென்றே எனக்குத் தெரியவில்லை. இது மட்டுமல்ல. ஃப்ரிட்ஜ் பாட்டில் ஏன் வேர்க்கிறது, பஸ்ஸில் போனால் நிலா ஏன் கூடவே வருகிறது, பேஸ்ட்டில் புளோரைடு நல்லது என்றால் தாத்தாவின் பல் மட்டும் ஏன் புளோரைடால் காவியேறிப் போனது என்று ஓயாமல் கேட்கிறான். போனில் தேடிச் சொன்னால் அதற்கும் ஒரு 'ஏன்' வருகிறது. வேலை நேரத்தில் கோபம் வந்து 'போய்ப் புத்தகத்தைப் படி' என்று விரட்டிவிடுகிறேன். ட்யூஷன் சேர்த்துவிடலாமா?
(பாலக்கோடு வட்டத்திலிருந்து ஒரு தாய்)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் எழுதிய விடை தவறுதான். ஆனால் அந்த விடைக்கு அவன் வந்து சேர்ந்த வழி சரியானது. புத்தகத்தில் ஒரு விதியைப் படித்திருக்கிறான், வீட்டில் இருக்கும் பொருளைப் பார்த்திருக்கிறான், எண்ணியிருக்கிறான், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று துணிந்து எழுதியிருக்கிறான். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில். நாலாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதினால் எங்களுக்கு அது பெரிய மகிழ்ச்சி. மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், 'நீ எண்ணிப் பார்த்தது ரொம்ப நல்ல வேலைடா' என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் சரியான விடையை மட்டும் திருத்திக் கொடுத்தால், அடுத்த முறை அவன் எண்ண மாட்டான்.

இப்போது அந்த 16 காலுக்கு வருவோம். ஐந்தாம் பருவத்து, அதாவது கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசிப் பருவத்துப் புழு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் கால்கள் பெரிதாகத் தெரியும். போன் கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பாருங்கள். தலைக்கு அடுத்து, நெஞ்சுப் பகுதியில் மூன்று ஜோடிக் கால்கள் இருக்கும். சிறியவை, நுனி கூரானவை, கணுக் கணுவாக மடங்குபவை. புழு இலையின் ஓரத்தைப் பிடித்துத் தின்னும்போது இவை வேலை செய்வதைப் பார்க்கலாம். அப்புறம் கொஞ்சம் இடைவெளி. நடு வயிற்றில் நான்கு ஜோடி, வால் முனையில் ஒரு ஜோடி. இந்த ஐந்து ஜோடியும் சதைப்பற்றாக, தடித்து, கணு இல்லாமல் இருக்கும். இவற்றின் அடியில் உள்ள நுண்ணிய கொக்கிகளால்தான் புழு தண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. புழுவைத் தண்டிலிருந்து பிரித்தெடுக்கும்போது விரலுக்குத் தெரியும் அந்தப் பிடி இவற்றுடையது.

முன்னால் உள்ள 6 கால்களைத்தான் அறிவியலில் உண்மைக் கால்கள் என்கிறோம். பின்னால் உள்ள 10 கால்கள் புழுப் பருவத்தில் மட்டும் இருப்பவை. அவற்றுக்குப் பொய்க்கால்கள் என்று பெயர். கூட்டுக்குள் புழு உருமாறும்போது அந்தப் பத்தும் போய்விடும். வெளியே வரும் அந்துப்பூச்சிக்கு மிஞ்சுவது முன்னால் இருந்த ஆறு மட்டுமே. ஆக, 'பூச்சிக்கு 6 கால்' என்ற விதியும் சரி, உங்கள் மகன் எண்ணிய 16-ம் சரி. விதி முழுதாக வளர்ந்த பூச்சியைப் பற்றியது. அவன் எண்ணியது அதன் இளம் பருவத்தை.

இதில் என்னை யோசிக்க வைப்பது ஒன்று உண்டு. வருஷம் முழுக்கப் பட்டுப்புழுவோடு வாழும் வீட்டுப் பிள்ளை அந்துப்பூச்சியைப் பார்த்தே இருக்க மாட்டான். முட்டைத் தொகுதி வெளியிலிருந்து வருகிறது. பல வீடுகளில் இளம்புழுவாகவே வாங்கி வருகிறார்கள். புழு வளர்கிறது, தோலுரிக்கிறது, கூடு கட்டுகிறது. கூட்டைப் பிரித்தெடுத்து தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோய்விடுகிறீர்கள். பூச்சி வெளியே வருவதற்கு முன்பே கூடு கைமாறிவிடுகிறது. வாழ்க்கைச் சுழற்சியின் கடைசிப் பக்கம் அவன் கண்ணில் படாமலே போகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டால் போதும், நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

அடுத்த முறை கூடு எடுக்கும்போது நல்ல கூடாக நாலைந்து எடுத்து, காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வையுங்கள். பெட்டி உங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும், புழு வளர்ப்பு மனையில் வைக்க வேண்டாம். கூடு எடுத்த நாளிலிருந்து ஒரு வாரம், பத்து நாளில் பூச்சி வரும். பெரும்பாலும் விடியற்காலையில்தான் வரும், ஆகவே எழுந்ததும் முதல் வேலையாகப் பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டின் ஒரு முனை ஈரமாகும். பூச்சி தன் வாயிலிருந்து ஒரு திரவத்தை விட்டு அந்த இடத்தை இளக்கி, இழைகளை விலக்கிக்கொண்டு வரும். வெள்ளையாக, பஞ்சு ஒட்டினாற்போல இருக்கும். இறக்கை இருந்தும் பறக்காது. வாய் இருந்தும் தின்னாது. புழுவாக இருந்தபோது தின்ற மல்பெரிதான் அதன் ஆயுள் முழுக்கச் சாப்பாடு. காலை எண்ணச் சொல்லுங்கள். வயிறு பெருத்துக் கிடப்பது பெண், அதைச் சுற்றி இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றுவது ஆண். சேர்ந்த பிறகு பெண் பூச்சி முன்னூறு, நானூறு முட்டை வரைகூட இடும்.

ஒரு எச்சரிக்கை. அந்த முட்டையைப் பொரிக்க வைத்து வளர்க்க அவன் ஆசைப்படுவான். வேண்டாம். பெப்ரின் என்ற நோய் தாய்ப்பூச்சியின் வழியாக முட்டைக்கே வந்துவிடும். அதனால்தான் தாய்ப்பூச்சியைச் சோதித்து, நோயற்ற முட்டைத் தொகுதி என்று தனியாகத் தயாரித்துக் கொடுக்கிறார்கள். பார்த்து முடித்ததும் முட்டையையும் பெட்டியையும் எரித்துவிடுங்கள். ஏன் எரிக்கிறோம் என்பதையும் அவனிடம் சொல்லுங்கள், அதுவும் பாடம்தான். கூட்டில் ஓட்டை விழுந்து பூச்சிக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் புழு வெளியே வந்தால் அது பட்டுப்புழுவின் மேல் முட்டையிடும் ஊசி ஈயின் வேலை என்று உங்களுக்கே தெரியும். அப்படி வந்தாலும் காட்டுங்கள். ஒரு பூச்சி இன்னொரு பூச்சிக்குள் வளர்வது அவனுக்கு வேறொரு கதவைத் திறக்கும்.

இன்னொரு கேள்வியும் அவன் கேட்கக்கூடும். 'நாம விற்கிற கூட்டுக்குள்ள இருக்கிற பூச்சி என்ன ஆகும்?' மறைக்காதீர்கள். பூச்சி ஓட்டை போட்டு வந்தால் இழை அறுந்துவிடும். ஒரு கூடு என்பது ஒரே தொடர் இழை, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம்கூட இருக்கும். அது அறுபடாமல் இருக்கத்தான் பூச்சி வரும் முன்பே கூட்டைச் சூட்டில் உலர்த்துகிறார்கள், உள்ளே இருப்பது இறந்துவிடும். ஒன்பது வயதுப் பிள்ளை இதைத் தாங்கிக்கொள்வான். பின்னால் வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதைவிட உங்கள் வாயால் கேட்பதே நல்லது.

சரி, இந்த ஒரு கேள்வியிலிருந்து மற்றக் கேள்விகளுக்கும் ஒரு பிடி கிடைக்கிறது. தொடக்க வகுப்புப் பாடநூல் சின்னப் பிள்ளைகளுக்காகச் சுருக்கி எழுதப்படுவது. சுருக்கும்போது முதலில் உதிர்வது நிபந்தனை. 'பூச்சிக்கு ஆறு கால்' என்பதில் 'வளர்ந்த பூச்சிக்கு' என்பது உதிர்ந்துவிட்டது. 'தாவரங்கள் தங்கள் உணவைத் தாமே தயாரிக்கின்றன' என்று படிக்கிறான். வேலியில் மஞ்சள் நூல் நூலாகப் படர்ந்து கிடக்கும் கஸ்குட்டாவில் இலையும் கிடையாது, பச்சையமும் இல்லை என்றே சொல்லலாம். அது மற்றச் செடியை உறிஞ்சித்தான் பிழைக்கிறது. 'பறவைகள் பறக்கும்' என்கிறோம், நெருப்புக்கோழி பறக்காது. பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவைதான். விதிக்கும் கண்ணால் கண்டதற்கும் நடுவே ஒரு இடைவெளி தெரிகிறது, அதில் காலை வைத்துவிடுகிறார்கள். ஆகவே உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி வந்தால் பதிலைத் தேடாதீர்கள், முதலில் நிபந்தனையைத் தேடுங்கள். எப்போது அப்படி? எவ்வளவு இருந்தால் அப்படி? எந்தப் பருவத்தில், எந்த இடத்தில்? பத்தாவது படித்தவர், படிக்காதவர், யாரும் இந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம்.

புளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் கேட்டது தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் பிறந்த பிள்ளை மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்துப் பூமி கடினப் பாறைப் பூமி. அந்தப் பாறைகளில் உள்ள சில தாதுக்களில் புளோரைடு இருக்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிப் பாறை இடுக்கில் பல வருஷம் தேங்கி நிற்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைகிறது. அந்தத் தண்ணீரைத்தான் போர்வெல் வழியாக இறைத்துக் குடித்தோம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியக் குடிநீர்த் தர அளவு. நம் மாவட்டங்களில் பல ஊர்த் தண்ணீர் இதைத் தாண்டியிருந்தது. ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரை இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டதற்கு முக்கியக் காரணம் இதுதான். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் (அதிகப் புளோரைடால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் பாதிப்பு) தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது.

பேஸ்ட்டில் இருப்பதும் அதே புளோரைடுதான். அங்கே அது பல்லின் மேற்பரப்பில் பட்டு, பூச்சிப்பல் வராமல் எனாமலை உறுதிப்படுத்துகிறது. வேலை முடிந்ததும் துப்பிவிடுகிறோம். தண்ணீரில் வருவதோ வயிற்றுக்குள் போகிறது, அதுவும் தினம் தினம், வருஷக் கணக்கில். அப்புறம் வயது. நிலைத்த பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், ஏறக்குறைய எட்டு வயது வரைக்கும், அதிகப் புளோரைடு உள்ளே போனால்தான் எனாமலில் அந்தக் காவிக் கறை விழும். தாத்தாவின் பல் அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடித்த தண்ணீரின் அடையாளம். பெரியவரான பிறகு அந்தத் தண்ணீரைக் குடித்திருந்தால் பல்லில் கறை வந்திருக்காது. ஆனால் பல வருஷம் அளவுக்கு மீறிக் குடித்தால் எலும்பும் மூட்டும் கெட்டிப்பட்டு வலிக்கும். எவ்வளவு, எந்த வழியில், எந்த வயதில் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 'நல்லதா, கெட்டதா' என்ற சண்டைக்கே இடம் இல்லை.

இதை விளக்கும்போதே இரண்டு காரியத்தையும் முடித்துவிடுங்கள். அவன் பிரஷ்ஷில் பட்டாணி அளவுக்கு மேல் பேஸ்ட் வேண்டாம், விழுங்காமல் துப்ப வேண்டும். இன்னும் போர்வெல் தண்ணீரைத்தான் சமையலுக்கும் குடிக்கவும் எடுக்கிறீர்கள் என்றால் அதைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் மிச்சத் தண்ணீரில் அதன் அடர்த்தி கொஞ்சம் கூடவே செய்யும்.

பாட்டில் வேர்ப்பதற்கு வருகிறேன். இதற்கு உங்களிடம் உள்ள அறிவு பல பட்டதாரிகளிடம் இருக்காது. புழு வளர்ப்பு மனையில் ஈரப்பதம் பார்க்கும் மானி தொங்குகிறது அல்லவா? இளம்புழுவுக்கு 80, 90 சதவீதம், பெரிய புழுவுக்கு 70 என்று பார்த்துப் பார்த்துச் சாக்கை நனைப்பதும் ஜன்னலைத் திறப்பதும் உங்கள் வேலை. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் இருக்கிறது என்பதை நீங்கள் கையால் உணர்ந்தவர். அந்தத் தண்ணீர்தான் குளிர்ந்த பாட்டிலின் மேல் பட்டுத் துளியாகிறது.

ஆனால் இதை எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். 'நீ என்னடா நினைக்கிற?' என்று கேளுங்கள். அநேகமாக, 'உள்ள இருக்கிற தண்ணிதான் வெளியே கசியுது' என்பான். அது நல்ல யோசனை. மண்பானையில் உண்மையிலேயே அப்படித்தான் கசிகிறது, அவன் அதைப் பார்த்திருப்பான். சரி, சோதிப்போம் என்று சொல்லுங்கள். பாட்டிலில் கொஞ்சம் பீட்ரூட் சாறு கலந்து ஃப்ரிட்ஜில் வைத்து, வெளியே எடுத்ததும் வேர்ப்பதை வெள்ளைத் துணியால் துடைக்கட்டும். துணியில் சிவப்பு இருக்காது. கெட்டிக்காரப் பிள்ளை இதோடு ஒப்புக்கொள்ள மாட்டான். 'சாயம் உள்ளேயே நின்னிருக்கும், தண்ணி மட்டும் வந்திருக்கும்' என்பான். அப்படிச் சொன்னால் சந்தோஷப்படுங்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரை நன்றாகத் துடைத்து, வெறும் டம்ளராக ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்து எடுத்து மேஜைமேல் வையுங்கள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத டம்ளரில் வெளியேயும் உள்ளேயும் பனி படர்வதை அவன் பார்ப்பான். அந்த நிமிஷத்தில் அவன் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். போனில் தேடிச் சொன்ன பதிலால் அந்த மாற்றம் வராது.

இங்கேயும் ஒரு நிபந்தனை உண்டு. சித்திரை மாதம் மதிய வெயிலில், காற்று காய்ந்து கிடக்கும்போது பாட்டில் குறைவாக வேர்க்கும். ஐப்பசி மழை நாளில் அதிகமாக வேர்க்கும். இரண்டு நாளிலும் மானி காட்டும் எண்ணை எழுதிவைத்து ஒப்பிடச் சொன்னால், நாலாவது படிக்கும் பிள்ளை பெரிய வகுப்பு வேலையைச் செய்துவிடுவான்.

நிலாவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்து மூன்று பொருளைக் காட்டுங்கள்: சாலையோரப் புளியமரம், தூரத்து மலை, நிலா. மரம் சட்டென்று பின்னால் ஓடும். மலை மெதுவாக நகரும். எவ்வளவு தூரமோ அவ்வளவு மெதுவாக நகர்வதுபோலத் தெரியும் என்பதை அவனே சொல்லிவிடுவான். நிலா ஏறக்குறைய 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பாலக்கோட்டிலிருந்து தர்மபுரிக்குப் போகும் தூரம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. ஆகவே அது நகர்ந்ததாகவே தெரியாது, கூடவே வருவதாகத் தோன்றும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சமாளிப்பதற்காகக் கேட்க நன்றாக இருக்கும் காரணம் எதையும் சொல்லிவிடாதீர்கள். 'கோடையில் ஏன் வெயில்?' என்று கேட்டால், 'சூரியன் கிட்ட வருது' என்று பெரியவர்கள் பலரும் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கும் மாதம் அது. மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில். பருவம் மாறுவதற்குக் காரணம் பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பது. அந்தச் சாய்வால்தான் வெயில் சில மாதம் நேராகவும் சில மாதம் சரிவாகவும் விழுகிறது. தவறான காரணம் ஒரு முறை மனதில் பதிந்துவிட்டால், பத்தாம் வகுப்பு வந்த பிறகும் அதைப் பிடுங்குவது கஷ்டம். தெரியாவிட்டால், 'எனக்குத் தெரியலடா, சேர்ந்து பார்க்கலாம்' என்றே சொல்லுங்கள். அம்மாவுக்குத் தெரியாது என்பதால் பிள்ளைக்கு உங்கள் மேல் மரியாதை குறையாது. பெரியவர்களும் தேடித்தான் தெரிந்துகொள்கிறார்கள் என்று புரிந்துகொள்வான்.

உங்களுக்கு நேரம் இல்லை என்பதை நான் மறக்கவில்லை. ஐந்தாம் பருவம் நடக்கும் அந்த ஒரு வாரம் இலை வெட்டவும் போடவும் சாக்குத் தட்டவுமே பொழுது பற்றாது. அந்த நாட்களில் உட்கார்ந்து விளக்க வேண்டியதில்லை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கேள்வியை அவனே எழுதி ஆணியில் குத்தி வைக்கட்டும். கூடு கட்ட விட்ட பிறகு இரண்டு மூன்று நாள் மூச்சு விட நேரம் கிடைக்கும், அப்போது ஒவ்வொன்றாக எடுங்கள். எழுதிய கேள்வி தொலையாது என்று தெரிந்தால் பிள்ளை பொறுத்துக்கொள்வான். விரட்டினால்தான் கேட்பதையே விட்டுவிடுவான். மற்ற நாட்களில் இலை போடும்போதே பேசலாம், அதற்கென்று தனி நேரம் எதற்கு?

போனையும் ஒதுக்க வேண்டாம். வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் அவன் என்ன நினைக்கிறான் என்று கேட்பது, அப்புறம் பொருளைப் பார்ப்பது அல்லது செய்து பார்ப்பது, கடைசியில் போன். முதலிலேயே போனைத் திறந்தால் அவன் யோசிக்க எதுவும் மிச்சம் இருக்காது, அடுத்த 'ஏன்' உடனே வந்துவிடும். பாடநூலில் அச்சிட்டிருக்கும் கியூஆர் குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொளிகள் வரும். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் துளிர் என்ற சிறுவர் அறிவியல் மாத இதழையும் வாங்கிக் கொடுக்கலாம், தானே படிக்கத் தெரிந்த நாலாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொருத்தமாக இருக்கும்.

தேர்வு என்று வரும்போது அவனுக்கு ஒரு பழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள். சரியா தவறா கேள்வியில் 'எல்லா', 'மட்டும்', 'எப்போதும்' போன்ற சொல் வந்தால் அதன் அடியில் கோடு போட்டுவிட்டு யோசிக்க வேண்டும். இந்த வகைக் கேள்விகளில் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பட்டுப்புழு பற்றி மறுபடி கேட்டால், 'பட்டுப்புழு என்பது பட்டுப் பூச்சியின் இளம் பருவமான லார்வா. அதற்கு 6 உண்மைக் கால்களும் 10 பொய்க்கால்களும் உண்டு' என்று எழுதட்டும். முழு மதிப்பெண் கிடைக்கும், அவன் எண்ணியதும் வீணாகாது. 'மண்புழுவும் பட்டுப்புழுவும் ஒன்றா?' என்று கேட்டாலும் தடுமாற மாட்டான். மண்புழுவுக்குக் காலே கிடையாது, அது தோலால் சுவாசிக்கிறது. பட்டுப்புழுவின் இரண்டு பக்கமும் வரிசையாகத் தெரியும் கறுப்புப் புள்ளிகள்தான் அதன் மூச்சுத் துளைகள்.

வகுப்பு ஆசிரியரிடம் பேச வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பேசுங்கள், ஆனால் அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக வேண்டாம். விடையைத் தவறு என்று போட்டது சரிதான். அந்துப்பூச்சி வெளிவந்ததும் அந்தப் பெட்டியோடு ஒரு உயிருள்ள புழுவையும் அவன் கையில் கொடுத்து அனுப்பி, 'டீச்சர், இவன் வகுப்புக்கே எண்ணிக் காட்டணும்னு சொல்றான்' என்று கேட்டுப் பாருங்கள். பாடம் நடத்த உயிருள்ள பொருள் தேடி வரும்போது மறுக்கும் ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை.

ட்யூஷன் இப்போது வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. தமிழ் வாசிப்பதில் திணறுகிறான், கூட்டல் கழித்தல் வரவில்லை என்றால் வேறு பேச்சு, அதற்கு உதவி தேவை. உங்கள் மகனுக்கு அந்தக் குறை எதுவும் இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை. நாலாம் வகுப்பு ட்யூஷன் என்றால் பெரும்பாலான இடங்களில் கேள்வி பதிலை மனப்பாடம் செய்ய வைப்பதுதான் நடக்கிறது. 16 கால் எண்ணிய பிள்ளையை அங்கே உட்கார வைத்தால் எண்ணுவதை நிறுத்திவிட்டு ஒப்பிக்கப் பழகிவிடுவான். அந்தப் பணத்தில் ஒரு கை லென்ஸ் வாங்கிக் கொடுங்கள், தர்மபுரியில் பெரிய ஸ்டேஷனரி கடைகளில் கேட்டால் கிடைக்கும். லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது என்பதை வாங்கிய அன்றைக்கே சொல்லிவிடுங்கள். வெயில் நேரத்தில் வைக்கோல் போர், காய்ந்த மல்பெரிக் குச்சி அடுக்கி வைத்திருக்கும் பக்கமும் அதைக் கொண்டுபோகக் கூடாது.